செப்புத் தகட்டில் ஏறிய தெய்வங்கள்
அறிவொளிக் கால உருவகப் பொறிப்படங்களும் புதுச்சேரிக் கரையும்

உண்மை என்பதைப் படமாக வரைந்து காட்ட முடியுமா? பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பா முடியும் என்று நம்பியது. திதரோவும் தலம்பேரும் தொகுத்த பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தின் முகப்புப் படம் அந்த நம்பிக்கைக்குப் பெயர்பெற்ற சான்று. ஓவியர் கொஷேன் 1764இல் அதை வரைந்தார். பொறிப்பாளர் பிரெவோ அதைச் செப்புத் தகட்டில் பொறித்து, 1772இல் அச்சாக்கினார். கிரேக்கத் தூண்கள் நிற்கும் கோயிலொன்றில் உண்மை ஒரு பெண்ணாக நிற்கிறாள். அவள்மேல் படர்ந்த மெல்லிய திரையைப் பகுத்தறிவும் தத்துவமும் விலக்குகின்றன. காலடியில் இறையியல் மண்டியிட்டிருக்கிறது. கற்பனை மாலையோடு நெருங்குகிறாள். படத்தின் அடிவரிசையில், எல்லோருக்கும் கீழே, கைத்தொழில் செய்வோர் நிற்கிறார்கள்.

பெண்ணுருவம், திரை, ஒளி, தூண் ஆகியவற்றால் ஒரு கருத்தைச் சொல்லும் இம்முறையை உருவகப் பொறிப்படம் எனலாம். கிரேக்க, ரோமானிய அளவுகளையும் நிலைகளையும் முன்மாதிரியாகக் கொண்டதால் அதன் நடையைப் புதுச்செவ்வியல் என்கிறார்கள். அறிவொளிப் பண்பாட்டில் இந்தப் படங்கள் என்ன வேலை செய்தன என்ற கேள்விக்கு இருநூற்றைம்பது ஆண்டுகளாக விடைகள் சேர்ந்துகொண்டே வருகின்றன. எழுத்தறியாதவருக்கும் அறிவைக் கொண்டுசேர்த்தன என்றனர் சிலர். கற்றவர்களின் புதிர் விளையாட்டு என்றனர் வேறு சிலர். பேரரசின் முகப்பூச்சு என்ற விடை பிறகு வந்தது.

இந்த விடைகளில் பெரும்பாலானவை பாரிசிலும் ஆம்ஸ்டர்டாமிலும் லண்டனிலும் நின்று பார்த்துச் சொல்லப்பட்டவை. அதே கேள்வியை நம் கரையில் வைத்துக் கேட்கவும் காரணம் இருக்கிறது. விழுப்புரம் மாவட்டக் கடற்கரையில் கோட்டக்குப்பம் முடியும் இடத்தில் புதுச்சேரியின் முத்தியால்பேட்டை தொடங்குகிறது. அந்தப் புதுச்சேரியிலிருந்தும் அதன் சுற்றுப்புறத்திலிருந்தும் போன குறிப்புகளும் கோட்டோவியங்களும்தான் இந்தியாவைப் பற்றிய பிரெஞ்சு அறிவொளி நூல்கள் சிலவற்றின் படத்தாள்களாக மாறின.

பொதுமொழி என்ற கனவு

உருவகப் படத்துக்கு ஓர் அகராதி இருந்தது. இத்தாலியரான செசாரே ரிப்பாவின் ‘இகனோலோஜியா’ 1593இல் முதலில் வெளிவந்து, 1603இல் படங்களோடு மறுபடி அச்சானது. நீதிக்கு எந்த உடை, பொறாமைக்கு எந்த விலங்கு, ஆசியக் கண்டத்துக்கு எந்தக் கோலம் என்று அது வரையறுத்தது. ஆசியா பூமுடி சூடிய பெண். கையில் நறும்புகைக் கலம், அருகில் ஒட்டகம். ஒட்டகமே வழக்கமில்லாத சோழமண்டலக் கரையும் இந்தப் பெண்ணுக்குள் அடக்கம்.

அறிவொளிக் காலத்தவர் இந்த அகராதியைத் தூக்கியெறியவில்லை, திருத்தினார்கள். ஜெர்மன் கலை வரலாற்றாசிரியர் வின்கெல்மான் 1766இல் உருவகத்தைப் பற்றித் தனி நூலே எழுதினார். பழங்காலச் சிலைகளிலிருந்து தெளிவான குறியீடுகளைத் தேர்ந்தெடுத்தால் ஓவியம் மீண்டும் சிந்திக்கும் கலையாகும் என்பது அவர் எதிர்பார்ப்பு. பிரான்சில் கிராவெலோவும் கொஷேனும் ஆண்டுதோறும் உருவகப் படங்களைக் கையடக்கப் பஞ்சாங்கம் போன்ற சிறு ஏடுகளாக வெளியிட்டார்கள். அவை 1791 வாக்கில் முழு நூலாகத் திரண்டன. செப்புத் தகடு தேய்வதற்குள் ஆயிரக்கணக்கான படிகள் எடுக்கலாம் என்பது இந்தக் கனவுக்குப் பொருள்வலு தந்தது. சுவரோவியம் ஓர் அரண்மனைக்கு மட்டுமே உரியது. அச்சுப்படமோ தபால் வண்டியிலும் கப்பலிலும் ஏறிப் போகும்.

இந்த நிலைப்பாட்டின் பலவீனம் அதன் சொந்த நூல்களிலேயே வெளிப்படுகிறது. பார்த்தவுடன் புரியும் பொதுமொழிக்கு விளக்க நூல் எதற்கு? கலைக்களஞ்சிய முகப்பில் எந்தப் பெண் வடிவியல், எந்தப் பெண் வானியல் என்று சொல்லத் தனியாக ஒரு விளக்கக் குறிப்பு தேவைப்பட்டது.

உருவகத்தின் எதிரிகள்

எதிர்ப்பு முன்பே எழுந்துவிட்டது. அபே துய்போ 1719இல் வெளியிட்ட கலைச் சிந்தனை நூலில், வரலாற்று மாந்தரோடு உருவக மாந்தரைக் கலந்து வரைவதைக் குறைகூறினார். ரூபன்ஸ் வரைந்த மரீ தெ மெதிசி வரிசையே அவர் எடுத்த உதாரணம். புதிரை அவிழ்ப்பதில் மனம் முனைந்துவிட்டால் உணர்ச்சிக்கு இடமிருக்காது என்பது அவர் வாதத்தின் சாரம். ஜெர்மன் எழுத்தாளர் லெசிங் 1766இல் எழுதிய ‘லாவோக்கூன்’ நூலில் இன்னும் ஆழமாகப் போனார். ஓவியம் இடத்தின் கலை, கவிதை காலத்தின் கலை. ஒன்றை மற்றதன் வேலைக்கு அனுப்பினால் ஓவியம் வெறும் எழுத்தாகிவிடும் என்றார்.

திதரோவின் நிலைதான் இவற்றுள் சிக்கலானது. தம் கலை விமர்சனங்களில் உருவகம் பெரும்பாலும் குளிர்ந்தும் இருண்டும் கிடப்பதாக அவர் அலுத்துக்கொண்டார். ஆனால் 1765 கண்காட்சியில் கொஷேனின் கோட்டோவியத்தைக் கண்டு மனமாரப் பாராட்டியவரும் அவரே. இதை முரண்பாடு என்று ஒதுக்கிவிட முடியாது. பகுத்தறிவு தன்னைப் பற்றிப் பேச உடல் ஒன்றை நாடியது என்பதும், அந்த உடல் பழைய தெய்வங்களின் உடலாகவே அமைந்தது என்பதும் இந்தக் கேள்வி முழுவதற்கும் அடிப்படையான நெருக்கடி. பிறகு வந்த ரொமாண்டிக் சிந்தனையாளர்கள் உயிருள்ள குறியீடு, உயிரற்ற உருவகம் என்று பிரித்து உருவகத்தைக் கீழே தள்ளினார்கள். 1928இல் வால்ட்டர் பெஞ்சமின் அதை மீட்டெடுக்கும்வரை இந்தத் தீர்ப்பே பெரும்பாலும் நிலைத்தது. பெஞ்சமினின் கவனம் ஜெர்மன் பரோக் நாடகத்தின்மேல் இருந்தது. அறிவொளிக் கால அச்சுப்படத்துக்கு அவர் வாதத்தை அப்படியே பொருத்துவதில் எச்சரிக்கை வேண்டும்.

எல்லாச் சமயங்களும் ஒரே தாளில்

உருவகத்தின் சமூகப் பயனை முன்னிறுத்தும் விடை பெரும்பாலும் பெர்னார் பிக்காரை நோக்கித் திரும்புகிறது. பாரிசில் பிறந்து ஆம்ஸ்டர்டாமில் குடியேறிய இந்தப் பொறிப்பாளர், உலகச் சமயங்களின் சடங்குகளைப் பற்றி ழான் ஃபிரெதெரிக் பெர்னார் 1723 முதல் வெளியிட்ட பெருந்தொகுதிக்குப் படங்கள் செய்தார். அதன் முகப்பிலும் உருவகக் காட்சி உண்டு. லின் ஹன்ட், மார்கரெட் ஜேக்கப், வைனான்ட் மைன்ஹார்ட் மூவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், கத்தோலிக்கச் சடங்கும் இந்தியச் சடங்கும் ஒரே வகைத் தாளில், ஒரே வகைக் கோட்டில் அருகருகே நின்றதே சமயப் பொறைக்கு வித்திட்டது என்று வாதிடுகிறார்கள்.

அந்தத் தொகுதியின் இந்தியப் பகுதிக்கு மூலங்களில் ஒன்று நம் கரையைச் சேர்ந்தது. புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சுப் படையதிகாரி லா கிரெக்கினியேர், இந்தியர் வழக்கங்களையும் யூதர் வழக்கங்களையும் ஒப்பிட்டு எழுதிய நூல் 1704இல் பிரஸ்ஸல்ஸில் வெளிவந்தது. பழவேற்காட்டில் பணியாற்றிய டச்சுப் பாதிரியார் ரோஜேரியுஸ், பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டு எழுதி 1651இல் வெளியான நூலும் ஐரோப்பியருக்கு அப்போது கைநூலாக இருந்தது. பிக்கார் ஆசியாவில் கால்வைத்ததில்லை. அவருடைய இந்தியர்கள் ரோமானியச் சிலைகளின் தோள்களோடு நிற்கிறார்கள். சஞ்சய் சுப்ரமணியம் போன்றோர் இத்தகைய நூல்களின் மூலங்களை ஒவ்வொன்றாகத் தேடிச் சென்று, ‘உலகச் சமயங்களின் சமநிலை’ என்பது எவ்வளவு பேர் கைமாறிய செய்திகளின்மேல் கட்டப்பட்டது என்பதைக் கவனப்படுத்துகிறார்கள். ஹன்ட் முதலியோர் வாதம் இதனால் முறிந்துவிடவில்லை. ஆனால் சமமாக வைக்கப்பட்டது எது என்ற கேள்வி எஞ்சுகிறது. சடங்குகளா, அவற்றின் ஐரோப்பியப் படங்களா?

சொன்னெராவும் பிள்ளையாரும்

இங்கேதான் புதுச்சேரி மையத்துக்கு வருகிறது. லியோனில் 1748இல் பிறந்த பியேர் சொன்னெரா, 1774 முதல் 1781 வரை கீழைநாடுகளில் பயணம் செய்தார்; புதுச்சேரியில் நெடுநாள் தங்கினார். ஆங்கிலேயர் 1761இல் தரைமட்டமாக்கிய நகரம் அப்போதுதான் மறுபடி எழுந்திருந்தது. 1778இல் மீண்டும் முற்றுகைக்கு உள்ளானது. அவருடைய பயண நூல் 1782இல் பாரிசில் இரண்டு தொகுதிகளாக, 140 பொறிப்படங்களோடு வெளிவந்தது. படங்களில் பலவற்றைப் பொறித்தவர் புவாசோன். அடுத்த ஆண்டே சூரிச்சில் ஜெர்மன் பதிப்பு வந்தது.

அந்தப் படங்களை இரண்டு கூட்டமாகப் பார்க்கலாம். ஒன்று கைவினைஞர்கள், உழைப்பாளிகள், பலவகைச் சாதியினர். மற்றது தெய்வங்கள். முதற்கூட்டத்தைக் கலைக்களஞ்சியத்தின் 11 படத்தொகுதிகளோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அங்கே பிரெஞ்சுத் தொழிற்கூடங்கள் சுத்தமாக, கருவிகள் தனித்தனியாக, ஒழுங்காகத் தெரிகின்றன. இந்த ஒழுங்கே ஒருவகைக் கற்பனை என்று ரோலான் பார்த் 1964இல் எழுதிய கட்டுரை காட்டியது. சொன்னெராவின் தொழிலாளர்களும் வெட்டவெளியில், நிழல் குறைந்த நிலத்தில், தங்கள் கருவிகளோடு தனித்து நிற்கிறார்கள். புதுச்சேரி வணிகத்தின் முதுகெலும்பு துணி. அதை நெய்தும் சாயமிட்டும் தந்தவர்கள் நகரிலும் அதைச் சுற்றியிருந்த ஊர்களிலும் வாழ்ந்தார்கள். தரகு, முன்பணம், கடன், பஞ்சம் எதுவும் இல்லாத ஒரு நிலத்தில் நிற்கும் உழைப்பாளி, கொஷேன் படத்தின் அடிவரிசையில் நிற்பவனுக்கு உடன்பிறப்பு என்றே எனக்குத் தோன்றுகிறது. அவன் ஒரு மனிதனாக நிற்பதைவிட, ‘தொழில்’ என்ற கருத்தின் உருவமாக நிற்கிறான்.

தெய்வப் படங்களின் கதை வேறு. சொன்னெராவின் நூலில் விநாயகருக்குப் பெயர் ‘பொல்லேயார்’. சிவன் ‘ஷிவேன்’, காமன் ‘மன்மதேன்’. வடமொழி ஏடு பார்த்து எழுதியவர் இப்படி எழுதமாட்டார். தமிழ் பேசுவோர் வாயால் கேட்டதைப் பிரெஞ்சு எழுத்தில் பிடித்த வடிவங்கள் இவை. படங்களுக்கும் இதே நிலை பொருந்தும் என்று கருத இடமுண்டு. கரும்புவில் ஏந்திக் கிளிமேல் வரும் மன்மதன், ஆயுதம் ஏந்திய பல கைகள், ஊர்திகள் ஆகியவை ஐரோப்பியப் பொறிப்பாளர் தாமே கற்பனை செய்யக்கூடியவை அல்ல. சோழமண்டலக் கரையின் ஓவியர்கள் ஐரோப்பியருக்காக வரைந்த தெய்வப் பட ஏடுகள் பாரிசின் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியப் பயணி மனுச்சி திரட்டிய ஏடு இதற்கு முன்னோடி. சொன்னெராவின் படங்களுக்குப் பின்னாலும் இத்தகைய உள்ளூர் ஓவியங்கள் இருந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் பலர் ஏற்கும் ஊகம்.

அதே சொன்னெரா, இந்தியாவைக் கலைகளுக்கும் அறிவியல்களுக்கும் தாயகம் என்று புகழ்ந்துவிட்டு, இந்தியரின் ஓவியத்தை இன்னும் குழந்தைப் பருவத்தில் இருப்பதாக மதிப்பிட்டார். பண்டைய அறிவுக்குப் புகழ்ச்சி, வாழும் கைக்கு இகழ்ச்சி. இந்தப் பிளவை விளக்க எழுந்த நூல்களில் முதன்மையானது பார்த்தா மித்தர் 1977இல் வெளியிட்ட ஆய்வு. இந்தியக் கோயில் சிற்பத்துக்கும் ஐரோப்பியக் கண்ணுக்கும் இடையில் செவ்வியல் அழகின் அளவுகோல் ஒரு தடுப்பாக நின்றது என்பது அவர் முடிவு. இன்றும் அது அசையாமல் நிற்கிறது. ஆயினும் மித்தரின் கேள்வி பார்த்தவர்களைப் பற்றியது. வரைந்து கொடுத்தவர்கள் அதில் ஓரத்திலேயே நிற்கிறார்கள்.

தெய்வமா, கருத்தா?

தெய்வங்களைப் படமாக்கியதன் விளைவு கலை வரலாற்றோடு நிற்கவில்லை. கூர் தெ ஜெபெலான் 1773இல் தொடங்கி வெளியிட்ட பெருநூலில், பழைய புராணங்களெல்லாம் உழவையும் பருவத்தையும் குறித்த உருவகங்கள் என்று வாதிட்டார். துய்ப்புயி 1795இல் ஒரு படி மேலே போய், சமயங்கள் அனைத்துமே கதிரவனையும் விண்மீன்களையும் பற்றிய உருவகம் என்றார். கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் கிரேக்க, இத்தாலிய, இந்தியத் தெய்வங்களை இணை சேர்த்து எழுதிய கட்டுரை 1788இல் படங்களோடு அச்சேறியது. அறிவொளிக்கு இது பெரிய ஆயுதம். மன்மதனையும் கியூபிடையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இருவருமே ‘காதல்’ என்ற கருத்தின் உடைகள் ஆகிவிடுகிறார்கள். பிறகு கிறித்துவத்தையும் அதே வரிசையில் நிறுத்துவது எளிது.

தமிழ் வாசகர் இங்கே ஒரு கணம் நிற்க வேண்டும். தெய்வத்தின் கையிலுள்ள பொருளுக்குத் தத்துவப் பொருள் சொல்வது நமக்குப் புதிதல்ல. கூத்தனின் உடுக்கை படைத்தலையும், ஏந்திய தீ அழித்தலையும் காட்டுவதாக விளக்கும் ‘உண்மை விளக்கம்’ கொஷேனுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. ஆனால் சைவ சித்தாந்தத்தில் விளக்கம் வழிபாட்டை அப்புறப்படுத்துவதில்லை. கூத்தன் ஐந்தொழிலின் குறியாகவும் இருக்கிறான். அபிடேகம் பெறுபவனாகவும் இருக்கிறான். கலைக்களஞ்சியக் கோயிலில் நிற்கும் உண்மை என்ற பெண்ணுக்கு யாரும் பூச் சாற்றுவதில்லை. அச்சுப்படத் தாளுக்குப் போன சிவன், இந்த இரண்டு வகைப் பொருள்படுத்தலுக்கும் நடுவில் சிக்கினான். அறிவொளி நூல்களைப் பற்றிய ஆய்வுகள் இந்த வேறுபாட்டுக்குக் கொடுத்த இடம் மிகக் குறைவு என்பது என் மதிப்பீடு.

எழுத்திலும் இதே சிக்கல் எழுந்தது. வால்தேர் 1760இல் பெற்று அரச நூலகத்துக்குக் கொடுத்த ‘எசூர் வேதம்’ சிலை வழிபாடற்ற தூய பழஞ்சமயத்துக்குச் சான்றாகக் கொண்டாடப்பட்டது, 1778இல் அச்சானது. அது பாதிரிமார் எழுதியது என்று நான்கே ஆண்டுகளில் எழுதியவர் சொன்னெரா. பிற்பாடு புதுச்சேரி மிஷனில் இருந்த கையெழுத்துப் படிகளை சென்னையின் ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் ஆராய்ந்து எழுதி, 1822இல் வெளிவந்த கட்டுரை வழக்கை இன்னும் தெளிவாக்கியது. இதற்கு முன்பே, பதினெட்டாம் நூற்றாண்டில், புதுச்சேரி மொழிபெயர்ப்பாளர் மரிதாஸ் பிள்ளை, தமிழ்ப் பாகவதத்தைப் பிரெஞ்சில் தந்தார். அது 1788இல் பாரிசில் நூலாயிற்று. கதைகளைச் சுருக்கிக் கருத்தாக்கிய பாரிசுக்கு, கதையைக் கதையாகவே அனுப்பிய தமிழர் அவர்.

பேரரசின் கை

கீழைநாடுகளைப் பற்றிய ஐரோப்பிய அறிவை ஆதிக்கத்தின் கருவியாகக் காட்டிய எட்வர்ட் சயீதின் 1978 நூலுக்குப் பிறகு உருவகப் படம் ஆதிக்கத்தின் ஆவணமாகப் படிக்கப்பட்டது. இதற்கு ஜேம்ஸ் ரென்னலின் இந்திய வரைபடத்தைவிடப் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது. 1760இல் புதுச்சேரி முற்றுகையின்போது ஆங்கிலக் கடற்படையில் இளைஞராக இருந்தவர் ரென்னல். 1782இல் வெளியிட்ட வரைபடத்தின் மூலையில் பிரிட்டானியா நிற்கிறாள். பண்டிதர்கள் தங்கள் புனித ஏடுகளை அவளிடம் ஒப்படைக்கிறார்கள். இந்தியரின் அறிவு பிரிட்டனின் பாதுகாப்புக்குள் வருகிறது என்று இதற்குப் பொருள். மேத்யூ எட்னி 1997இல் வெளியிட்ட ஆய்வு இந்த மூலைப்படத்தை வரைபடத்தின் திறவுகோலாகவே வாசிக்கிறது.

வாதம் வலுவானது. பிரெஞ்சுப் பக்கம் திரும்பினால் அதற்கு ஓர் இடறல் உண்டு. ரேனால் பாதிரியார் பெயரில் வந்த, திதரோவின் கையும் கலந்த ‘இரு இந்தியாக்களின் வரலாறு’ நூலின் 1780 ஜெனீவாப் பதிப்புக்கு ஓவியர் மொரோ வரைந்த படங்கள் அதே செவ்வியல் நடையில் அமைந்தவை. அவற்றுள் ஒன்றில் இயற்கை என்ற பெண் வெள்ளைக் குழந்தைக்கும் கறுப்புக் குழந்தைக்கும் சேர்த்துப் பாலூட்டுகிறாள். அடிமைகளை இரக்கத்தோடு நோக்குகிறாள். அந்த நூலை 1781இல் பாரிஸ் நீதிமன்றம் எரிக்க ஆணையிட்டது. ஒரே உருவக இலக்கணம் லண்டனில் ஆட்சிக்கும் ஜெனீவாவில் ஆட்சியின் கண்டனத்துக்கும் பயன்பட்டிருக்கிறது. நடையை வைத்தே அரசியலைச் சொல்லிவிடும் வாசிப்பு இங்கே தடுமாறுகிறது. ஆனாலும் மொரோவின் படத்திலும் அடிமை பேசுவதில்லை. அவனுக்காக இயற்கை இரங்குகிறாள். கண்டனத்துக்கும் ஆட்சிக்கும் பொதுவான இந்த மௌனத்தைச் சயீதின் வழிவந்தோர் சுட்டிக்காட்டியது சரியே.

கூட்டுக் கை என்னும் விடை

கடைசியாக வந்த விடை, அறிவு இரு தரப்பும் சந்திக்கும் இடத்தில் உருவானது என்கிறது. கபில் ராஜ் 2007இல் வெளியிட்ட நூல் இதன் தெளிவான வடிவம். நில அளவையையும் தாவரவியலையும் கொண்டு அவர் வாதிட்டார். புதுச்சேரிக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. சுக்கிரன் கதிரவனைக் கடப்பதைக் காண வந்து, 1769 ஜூனில் மேகத்தால் அதை இழந்த வானியலர் லெ ஜந்தீ, இங்கே தமிழர் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றார். அதைத் தம் பயண நூலில் (1779, 1781) ஐரோப்பியருக்கு விளக்கினார். சொன்னெராவின் தெய்வப் படங்களையும் இந்த வரிசையில் வைக்கலாம்.

இந்த விடையின் பலவீனம் ‘கூட்டு’ என்ற சொல்லின் இனிமையில் இருக்கிறது. கணித முறையைச் சொல்லிக்கொடுத்தவரைப் பற்றி லெ ஜந்தீ எழுதியாவது வைத்தார். ஓவியர்கள் விஷயத்தில் அதுவும் நடக்கவில்லை. தலைப்புப் பக்கத்தில் சொன்னெரா, தாளின் அடியில் புவாசோன். மூலத்தை வரைந்த கைக்கு எங்கும் இடமில்லை. கூலி வாங்கி வரைந்தவரைக் கூட்டாளி என்று இன்று அழைப்பது அவருக்குச் செய்யும் மரியாதைதானா, அன்றைய ஏற்றத்தாழ்வை மறைப்பதா என்பதை இந்தப் பள்ளியினர் இன்னும் தீரக் கேட்டுக்கொள்ளவில்லை.

தீர்ந்தவையும் தீராதவையும்

சில செய்திகள் ஓரளவு உறுதி. உருவகப் பொறிப்படம் எழுத்தறியாதோரின் மொழியாக இருந்ததில்லை. முழுப் படிகளின் விலையும் விளக்கக் குறிப்புகளின் தேவையும் அதற்கு எதிராகச் சாட்சி சொல்கின்றன. அது ஒரே அரசியலுக்கு மட்டும் உழைத்தது என்பதும் நிற்கவில்லை. புதுச்செவ்வியல் கோட்டின் பிற்கால வரலாறும் இதையே காட்டுகிறது. எட்வர்ட் மூரின் 1810 நூலில் இந்துத் தெய்வங்கள், ஆங்கிலச் சிற்பி ஃபிளாக்ஸ்மன் ஹோமருக்கு வரைந்த படங்களை நினைவூட்டும் மெல்லிய வெளிக்கோட்டில் வந்தன. அதே ஃபிளாக்ஸ்மன் செதுக்கிய பளிங்குப் புடைப்பு, மரணப் படுக்கையில் கிடக்கும் பாதிரியார் ஸ்வார்ட்ஸை மன்னர் சரபோஜி காண வந்ததைத் தஞ்சைத் தேவாலயத்தில் காட்டுகிறது. அங்கே உருவகப் பெண்கள் இல்லை. மனிதர்கள் மட்டுமே, ஒரு விடைபெறல்.

தீராதவற்றுள் பெரியது ஓவியரைப் பற்றியது. கரையின் பட ஏடுகளையும் அச்சான தாள்களையும் ஒவ்வொன்றாக இணைவைத்துப் பார்த்தால் சில விடைகள் கிடைக்கக்கூடும். செப்புத் தகட்டில் நேராகப் பொறித்த படம் அச்சில் இடவலம் மாறும். தெய்வத்தின் வலக்கை ஆயுதம் இடக்கைக்குப் போயிருக்கிறதா, பொறிப்பாளர் அதைத் திருத்தினாரா என்பது, அந்த வேறுபாடு முக்கியம் என்று யாராவது அவருக்குச் சொன்னார்களா என்பதையும் காட்டும். நிழலும் தரையும் எந்தக் கட்டத்தில் சேர்ந்தன, ஊர்தி எப்போது அலங்காரமாகச் சுருங்கியது என்பவற்றையும் இப்படியே தேடலாம். ஏடுகள் சிலவற்றில் படத்தோடு தமிழிலோ தெலுங்கிலோ எழுதிய குறிப்புகள் உண்டு. அவற்றுக்கும் அச்சிலுள்ள பிரெஞ்சு விளக்கத்துக்கும் இடையில் என்ன விழுந்துபோயிற்று என்பதே, தெய்வம் கருத்தாக மாறிய இடத்தைக் காட்டும் நேரடிச் சான்றாகலாம். அதற்குப் பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழ்க் கையெழுத்தையும் அக்காலப் பிரெஞ்சையும் ஒருங்கே படிக்கக்கூடியவர்கள் வேண்டும். அத்தகைய பயிற்சிக்குப் பிரெஞ்சு நிறுவனமும் பழைய நூலகங்களும் உள்ள புதுச்சேரியும், அதை அடுத்த விழுப்புரம் மாவட்டக் கல்லூரிகளும் இயல்பான இடம்.